காமாலை கழுவியவர்

மாதனூர் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது கண் மஞ்சளித்துவிட்டால், "தனகோடி வூட்டுக்குப் போய் கையைக் கழுவிக்கினு வா" என்றுதான் சொல்வார்கள். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்பு யார்டில் வேலை செய்துகொண்டிருந்த மனிதர் அவர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு ஊறவைத்து, மயிர் கழன்றதும் எடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவருக்கு வேறு வேலை. அன்றைக்கு அவர் வீட்டு வேப்பமரத்தடியில் செருப்புகள் சேர்ந்துவிடும். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள், கழனி வேலைக்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடியாத்தத்திலிருந்து பஸ் மாறி வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

உள்ளுக்கு மருந்து எதுவும் கொடுக்கமாட்டார். அவர் மனைவி ராஜம்மாள் விடியும்போதே மாமரப் பட்டையை இடித்துப் பிழிந்து சாறு எடுத்து வைத்திருப்பாள். அந்தச் சாற்றை வந்தவரின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தேய்த்துவிடுவார். உதடு மட்டும் அசையும். சோளிங்கர் நரசிம்மரைக் கூப்பிடுகிறார் என்று ஊரில் பேச்சு. தேய்த்ததும் தன் கையைக் குடத்துத் தண்ணீரில் கழுவிக்கொள்வார். இல்லாவிட்டால் நோய் அவருக்கு ஒட்டிக்கொள்ளுமாம். அப்புறம் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, நீட்டிய கைகளின் மேல் ஊற்றுவார். கீழே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கண்ணாடி மாதிரி ஊற்றின தண்ணீர், கையைத் தொட்டு இறங்கும்போது மஞ்சள்தூள் கரைத்தது போல இறங்கும்.

"எறங்குது பாரு, எறங்குது பாரு" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். நோயாளியின் முகத்தில் அப்போதே பாதித் தெளிவு வந்துவிடும்.

மூன்று ஞாயிறு வரவேண்டும். முதல் தடவை உள்ளங்கை நிறையச் சாறு. அடுத்த தடவை அதில் பாதி. மூன்றாவது தடவை விரலால் தொட்டுத் தடவுவதோடு சரி. நோய் குறையக் குறைய மருந்தும் குறையணும் என்பது ராஜம்மாளின் அப்பா வைத்த முறை. கடைசி ஞாயிறு தட்டில் விழுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீராக இருக்கும். "சுத்தமாய்டுச்சி, போய்ட்டு வா" என்பார் தனகோடி. எண்ணெய், கறி, சாராயம் எதையும் தொடக்கூடாது என்று பத்தியம் சொல்லி அனுப்புவார். காசு வாங்கமாட்டார். வாங்கினால் பலிக்காது என்பதும் மாமனார் சொன்னதுதான்.

அந்த வைத்தியமே ராஜம்மாள் வீட்டுச் சொத்து. சோளிங்கர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவள் அப்பா செய்துவந்தது. அவருக்கு மகன் இல்லை. ராஜம்மாளுக்குக் கல்யாணமான புதிதில் மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஊற்றுகிற கை புருஷனுடையது என்றாலும் வைத்தியம் தன்னுடையது என்கிற நினைப்பு ராஜம்மாளுக்கு உண்டு. "எங்கப்பா மருந்து" என்றுதான் சொல்வாள். சொல்லும்போது குரலே மாறும்.

பெரும்பாலும் பலித்தது. அதையும் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் குடிதண்ணீர் கெட்டுப்போய்க் காமாலை பரவும்போது வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு மாதத்தில் எழுந்து வேலைக்குப் போனார்கள். யார்டு மேஸ்திரி இஷ்தியாக் அகமது தன் மகனை அழைத்துவந்து, அவன் தேறினபிறகு தெரிந்தவர்களையெல்லாம் தனகோடியிடம் அனுப்பினார். தேறாதவர்களும் இருந்தார்கள். அதே கம்பெனியில் தோலைப் பதமாக்கும் டிரம் ஓட்டிக்கொண்டிருந்த தானியேல் அப்படி ஒருவன். மூன்று வாரமும் கழுவி, தண்ணீரும் தெளிந்து, அப்புறம் வயிறு வீங்கிச் செத்துப்போனான். பத்தியத்தை மீறிக் குடித்திருப்பான் என்று ஊர் சொன்னது. முன்பு குடித்தவன்தான். தனகோடியும் அப்படித்தான் நினைத்தார், கேட்டவர்களிடம் சொல்லவும் செய்தார்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவனுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரிந்திருக்கும். இவருக்குத் தெரியாது. தட்டில் இறங்குவது நோய்தான் என்று வந்தவர்களைவிட அவர் உறுதியாக நம்பினார்.

அவர்களுக்கு ஒரே மகள், மோகனா. வாணியம்பாடியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்தபிறகு, மிச்சமிருந்த சாற்றைத் தன் கையில் தேய்த்துக்கொண்டு அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"ஊத்துப்பா."

"இன்னாத்துக்கு?"

"ஊத்தேன், சொல்றேன்."

ஊற்றினார். மஞ்சளாக இறங்கியது.

மோகனா சிரித்தாள். "எனக்கு இன்னா காமாலையா இருக்குது? பட்டைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்தா இந்தக் கலர் வரும்பா. யார் கையா இருந்தாலும் வரும். அவ்ளோதான் விஷயம்."

தனகோடி சிரிக்கவில்லை. எழுந்துவந்து மகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ராஜம், இங்க வா. பாப்பாவுக்கு உள்காமாலை இருக்குது. வெளிய தெரியாமயே இருந்திருக்குது."

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. மோகனா பிடிவாதமாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள்.

"ஒண்ணுமே இல்லியாம். எல்லாம் கரெக்டா இருக்குது."

"எப்பிடி இருக்கும்? நான்தான் கழுவிட்டேனே" என்றார் தனகோடி. நிம்மதியாக அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மோகனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அப்போ உன் கைல தேச்சி ஊத்திப் பாருப்பா. ஒரு தடவ" என்றாள்.

உள்ளேயிருந்து ராஜம்மாள் வந்தாள். "வைத்தியம் பண்றவங்க தன் கைல ஊத்திக்கக் கூடாது. எங்கப்பா சொல்லியிருக்காரு. ரெண்டு எழுத்து படிச்சதும் செத்துப்போன எங்கப்பாவையே சோதிக்க வந்துட்டியா நீ?"

அன்றைக்கு ராஜம்மாள் சாப்பிடவில்லை. மோகனா அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கு இளம்பரிதியோடு கல்யாணமாகி வேலூர் சத்துவாச்சாரிக்குக் குடிபோனாள். அம்மா வீட்டுக்கு வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள்.

ராஜம்மாளுக்கு முதலில் வந்தது அரிப்பு. கையையும் காலையும் சொறிந்துகொண்டே இருந்தாள். உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய் தடவினாள். சோறு பிடிக்கவில்லை. ஜாக்கெட் தோளில் நழுவ ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரப்போகிறவர்களுக்காகப் பட்டை இடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தபோது வெயில் முகத்தில் விழுந்தது. எதிரே நின்றிருந்த தனகோடி அவள் கண்ணைப் பார்த்தார்.

"ராஜம், கண்ணு மஞ்சளா இருக்குதே."

அவள் பயப்படவில்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினாள். "மொதல்ல எனக்கு ஊத்துங்க. அப்பால அவங்களுக்கு ஊத்தலாம்."

உள்ளங்கை நிறையச் சாறு எடுத்துத் தேய்த்தார். அடர்த்தியான மஞ்சள் இறங்கியது. காத்திருந்த பெண்கள் எட்டிப்பார்த்து, "வைத்தியக்காரர் வூட்டம்மாவுக்கேவா" என்று உச்சுக்கொட்டினார்கள். ராஜம்மாள் சிரித்தாள்.

மோகனாவுக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாப்பா, இப்பிடி எளைச்சிருக்கா? கையெல்லாம் சொறிஞ்ச காயம். இது தண்ணில வர்ற காமாலை மாதிரி இல்ல. பித்தம் எங்கியோ அடைச்சிருக்கும். ஸ்கேன் எடுக்கணும். இன்னைக்கே கெளம்புங்க."

தனகோடி மனைவியைப் பார்த்தார். அவர் மனதில் ஒரு தயக்கம் இருந்திருக்கவேண்டும். ராஜம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நானே போய் ஆஸ்பத்திரில படுத்துக்கினா, ஞாயித்துக்கெழம வர்றவங்க மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது? ஊருக்கெல்லாம் எங்கப்பா மருந்து, எனக்கு மட்டும் இங்கிலீஷ் மருந்தா?"

"ம்மா, ஊர வுடு. உன் உசுரு மா."

"எங்கப்பா என்னைக் கைவிடமாட்டாரு."

மோகனா அழுதாள், கத்தினாள், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "இன்னும் ஒரு வாரம் பாத்துட்டு இட்டுனு வர்றேன்" என்றார் அவர். அவள் திரும்பிப்போனாள்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. விரலால் தொட்டுத் தடவி ஊற்றினார். தண்ணீர் தெளிவாக இறங்கியது. "கொறஞ்சிடுச்சிங்க" என்றாள் ராஜம்மாள். சொன்னவளின் கண்கள் முட்டை மஞ்சள்கரு போல இருந்தன. தனகோடி தட்டையும் பார்த்தார், கண்ணையும் பார்த்தார். தட்டை நம்பினார்.

அதற்கப்புறமும் நாள் ஓடியது. உள்ளே நின்றுவிட்ட நோய் வெளியே வர நாளாகும் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பகல் வேளையில் ராஜம்மாள் கொல்லையில் வாந்தியெடுத்து அங்கேயே சாய்ந்துவிட்டாள். தூக்கியபோது குழந்தையைத் தூக்குவதுபோல இருந்தது. தனகோடியே மகளுக்குப் போன் போட்டார். இளம்பரிதி கார் எடுத்துக்கொண்டு வந்தான். அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து வேலூருக்குக் கிளம்பினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் வேறொரு ஸ்கேன். டாக்டரம்மா நிஷா நிதானமாகப் பேசுகிறவர். தனகோடியை உட்காரவைத்து ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அதன் தலைப்பக்கத்தில் கட்டி வந்திருக்கிறது, அது பித்தம் இறங்குகிற குழாயை நெருக்கி மூடிவிட்டது, அதனால்தான் மஞ்சள். கட்டி கல்லீரலுக்கும் போய்விட்டது. ஆப்பரேஷன் செய்து எடுக்க முடியாது.

"பித்தம் எறங்குறதுக்கு உள்ள ஒரு சின்ன குழாய் வெச்சி விடலாம். மஞ்சள் கொறையும், அரிப்பு நிக்கும். அவங்களுக்குக் கொஞ்சம் சுகமா இருக்கும்."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டார் தனகோடி.

டாக்டரம்மா வரைந்த படத்தை ஓரமாக நகர்த்தினார். "இது வெளிய தெரியறதுக்குள்ளயே பரவிடுற நோய். முன்னாடி வந்திருந்தா ஆப்பரேஷனுக்கு வழி இருந்திருக்கலாம். மஞ்சள் தெரிஞ்ச மறுநாளே வந்தும் ஒண்ணும் பண்ண முடியாம போனவங்களும் இருக்காங்க. உங்க வீட்டம்மா விஷயத்துல எப்படி இருந்திருக்கும்னு நான் அடிச்சிச் சொல்ல முடியாதுங்க."

வீட்டில் என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். தனகோடி சொல்லியிருந்தார். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

குழாய் வைத்து சில நாளில் மஞ்சள் வடிந்தது. ராஜம்மாள் தூங்கி எழுந்தாள், கஞ்சி குடித்தாள், மோகனாவிடம் கண்ணாடி கேட்டாள். பையிலிருந்த சின்னக் கண்ணாடியை மகள் பிடித்துக் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெள்ளை விழி வெள்ளையாக இருந்தது.

"இப்பதாங்க எறங்கியிருக்குது" என்றாள் புருஷனிடம்.

அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். தை பிறந்து பங்குனி வரைக்கும் இருந்தாள். மோகனா வேலையை விட்டுவிட்டு வந்து அம்மாவோடு தங்கினாள். வலிக்கு மாத்திரை கொடுப்பதும், திருப்பிப் படுக்கவைப்பதும், தலை வாரிவிடுவதும் அவள்தான். அம்மாவும் மகளும் அந்த மாதங்களில் ஒருநாள்கூட வைத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களைத் தனகோடி, "வூட்ல முடியல" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் ராஜம்மாள் அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எங்கப்பா பொய் சொல்றவரு இல்லிங்க."

"தெரியும் ராஜம்."

"எனக்கு வந்தது காமாலை இல்ல. வேற நோவு. அதான் கேக்கல. அத வெச்சி எங்கப்பா மருந்து மேல பழி போடாதீங்க. நான் போனாலும் கைகழுவறத நிறுத்தாதீங்க. பட்டை இடிக்க ஆளு பாத்துக்குங்க. எங்கப்பா பேரு அதுல மட்டும்தான் இருக்குது."

"சரி" என்றார் தனகோடி.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. பங்குனியில் போய்ச் சேர்ந்தாள்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அப்பாவைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட மோகனாவும், இளம்பரிதியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வேலூருக்குப் போயிருந்தாள். வீட்டில் தனகோடி மட்டும். அவர் செய்துகொடுத்த சத்தியத்தை நினைத்துத்தான் அன்றைக்குக் காலையில் பட்டை எடுத்தார். வருகிற ஞாயிறு கூட்டம் வரும், பழகிக்கொள்ளலாம் என்று. இத்தனை வருஷத்தில் அவர் பட்டை இடித்ததே இல்லை. இடித்துப் பிழிந்து முடித்தபோது இரண்டு கையும் சாறாக இருந்தது. குடத்துத் தண்ணீரை எடுக்கப் போனவர் நின்றார். குடத்தை விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டார்.

மஞ்சளாக இறங்கியது.

மகளுடைய கையைப் பார்த்தபோது தோன்றிய அதே எண்ணம் அவருக்கு முதலில் வந்தது. தனக்கும் காமாலை. அது நிஜமாகவே காமாலையாக இருந்துவிடவேண்டும் என்றுகூட ஒரு ஆசை வந்தது. பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, பாதி உள்ளங்கைச் சாறு எடுத்துத் தேய்த்து ஊற்றினார். மஞ்சள் குறைந்தது. மறுபடி கழுவினார். விரலால் தொட்டுத் தடவி ஊற்றினார். தண்ணீர் தெளிவாக விழுந்தது.

மூன்று வாரத்தில் குணமாகிற நோய், ஒரு காலைப்பொழுதில், நோயே இல்லாத அவர் கையில் குணமாகிவிட்டது. தனகோடி ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் பால்காரர் வந்து கூப்பிட்டபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் முதலில் போனது தானியேல் வீட்டுக்கு. பாலாற்றுப் பக்கம் போகிற தெருவில் தானியேலின் மனைவி அமிர்தவள்ளி இருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. அன்றைக்கு லீவு. துணி மடித்துக்கொண்டிருந்தவள், "வாங்கண்ணா" என்று நாற்காலி போட்டாள். ராஜம்மாளைப் பற்றி விசாரித்து வருத்தப்பட்டாள்.

தனகோடி சுற்றிவளைக்கவில்லை. கையில் ஊற்றிப் பார்த்ததைச் சொன்னார். தண்ணீர் தெளிந்ததற்கும் தானியேலின் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை என்றும், அந்த மூன்று வாரத்தில் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கவேண்டும் என்றும் சொன்னார்.

அமிர்தவள்ளி மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரு குடிக்கலியா?"

"இன்னாம்மா?"

"மருந்து கேக்கலன்னா பத்தியத்த மீறியிருப்பான்னு நீங்கதான சொன்னீங்க. ஊரே சொல்லுச்சு. அவரு குடிக்கலடின்னு என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணாரு. பைபிள் மேல கை வெச்சி சொன்னாரு. நான் நம்பல. சாவப்போற மனுசன, குடிகாரா, புள்ளைங்களப் பத்தி நெனச்சியான்னு திட்டினேன். அப்பறமும் எத்தினி வருசம்... கல்லறைத் திருநாளுக்குப் போனாலும் மனசுக்குள்ள திட்டிக்கினுதான் மெழுகுவத்தி ஏத்துவேன்."

தனகோடியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இத ஏண்ணா இப்ப வந்து சொல்றீங்க?" என்றாள். கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க போங்கண்ணா" என்றாள்.

அவர் எழுந்து வந்தார். பின்னால் அவள் அழுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

அடுத்த ஞாயிறு வேப்பமரத்தடியில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. தனகோடி வாசலில் நின்று, இனிமேல் கழுவுவதில்லை, எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாருங்கள் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தார்கள். இன்பராஜ் என்பவன் தன் சின்ன மகளோடு வந்திருந்தான். குழந்தை சோர்ந்துபோய் அவன் தோளில் கிடந்தது.

"அண்ணா, அப்பிடி சொல்லாதீங்க. ஒரே ஒரு தடவ ஊத்திவுடுங்க. உங்கள நம்பித்தான் வந்திருக்கோம்."

"தம்பி, உன் கைய நீட்டு" என்றார் தனகோடி.

நன்றாக இருக்கிற இன்பராஜின் கையில் சாற்றைத் தேய்த்து ஊற்றினார். எல்லோரும் பார்க்க மஞ்சள் இறங்கியது. "பாத்தியா? உனக்கு நோவு இருக்குதா? இல்லல்ல? யார் கைல ஊத்தினாலும் இதான் வரும்" என்றார்.

இன்பராஜின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, எனக்குமா வந்திருக்குது?" என்றான். கூட்டத்தில் ஒரு கிழவி, "வூட்ல ஒர்த்தருக்கு வந்தா எல்லாருக்கும் ஒட்டும்பா" என்றாள்.

தனகோடி என்னென்னவோ சொல்லிப்பார்த்தார். மகள் சொன்னதைச் சொன்னார், பட்டை, சுண்ணாம்பு என்றார். அவர் சொல்லச்சொல்ல அவர்கள் பார்வை மாறியது. பொண்டாட்டி போனதில் புத்தி கலங்கிவிட்டது என்று இரக்கப்பட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். இன்பராஜ் பேரணாம்பட்டு பக்கம் இதேபோலக் கழுவுகிற வேறொருவரைத் தேடிப் போய்விட்டான்.

குழந்தையின் முகம் தனகோடியை விடவில்லை. விசாரித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி இன்பராஜின் வீட்டுக்கே போனார். "கழுவறது கழுவிக்க. நான் வேணான்னு சொல்லல. கூடவே ஒரு ரத்த டெஸ்ட் பாத்துடு தம்பி, நானே கூட வர்றேன்" என்று கெஞ்சினார். அவன் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உங்களால முடியலன்னா வுட்டுடுங்க. அடுத்தவங்க பண்றத ஏன் கெடுக்கறீங்க?" என்றாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. தண்ணீரால் வந்த சாதாரணக் காமாலை. தானாகப் போகிற வகை. ஒருநாள் மாதனூர் பஸ் ஸ்டாப்பில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பன்ரொட்டி தின்றுகொண்டிருந்ததைத் தனகோடி பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் போய்க் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். இன்பராஜ், பஸ்ஸுக்கு நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னான்.

"பாத்தீங்களா? பேரணாம்பட்டு மருந்து கேட்டுது. உங்க மருந்து உங்க சம்சாரத்தோட போயிடுச்சு, அவ்ளோதான். அதுக்கு மருந்தே பொய்னு சொல்லலாமா? பெரிய மனுசன் பேசற பேச்சா?"

தனகோடி குழந்தையின் கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார். குழந்தை நன்றாக இருக்கிறது. அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். ஆனால் ராஜம்மாளின் அப்பா பேரும் போய், தான் சொன்னது உண்மையென்ற பேரும் இல்லாமல், இரண்டும் இல்லாத ஆளாக ஊரில் நிற்கிறோம் என்பது வீடு சேர்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு மகள் வற்புறுத்தி அவரைச் சத்துவாச்சாரிக்கு அழைத்துக்கொண்டாள். போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப்போனார். அங்கே மாடிப்போர்ஷன். கீழே சாலையில் எந்நேரமும் டவுன் பஸ் சத்தம். மோகனா மறுபடி லேப் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது லீவு நாளில்தான்.

அப்படி ஒருநாள், மோகனா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தனகோடி கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மோகனா."

"சொல்லுப்பா."

"அவளுக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். நிறுத்தமாட்டேன்னு."

அவளுக்கு அது புதுச் செய்தி. கீரையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நிறுத்தினதுதான்பா சரி" என்றாள்.

"சரியா தப்பான்னு நான் கேக்கல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டாக்டரம்மா சொல்லல. நீ படிச்சவ, நீ சொல்லு. மழுப்பாம சொல்லணும். நான் கழுவிக்கினு ஒக்காந்திருந்ததாலதான் அவ செத்தாளா?"

மோகனா வாயைத் திறந்தாள். இல்லைப்பா என்று சொல்லிவிடலாம். ஆமாம் என்று சொல்லவும் அவளுக்குள் ஒரு கோபம் இன்னும் மிச்சமிருந்தது. அன்றைக்கு வாசலில் கெஞ்சியதும், அவர் இன்னும் ஒரு வாரம் என்றதும், தான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகாமல் திரும்பி வந்ததும் அவளுக்கு மறக்கவில்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அவர் நம்புவார் என்று தெரிந்தது.

"தெரியலப்பா" என்றாள்.

"உங்க லேப்லகூட அதுக்கு வழி இல்லியா?"

"இல்லப்பா. ஒரே மாதிரி ரெண்டு அம்மா இருந்து, ஒருத்தர அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய், ஒருத்தர வூட்லயே வெச்சிருந்தாத்தான் சொல்ல முடியும்."

தனகோடி அதை யோசித்துப் பார்த்தார். யார்டில் தோலைப் பார்த்து யோசிப்பதுபோல, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

"ஒர்த்திதான இருந்தா" என்றார்.

மோகனா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அழவில்லை. அவள் தோளில் ஒருதடவை கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். பிறகு அவள் விட்டுவைத்த கீரைக்கட்டை இழுத்து, பழுத்த இலைகளைத் தனியாகக் கிள்ளிப்போட ஆரம்பித்தார்.